யுத்தப் படங்களும் இளம் பருவமும்

திண்டிவனத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய 28 கிலோமீட்டர் சென்றால் செஞ்சிக் கோட்டை வருகிறது. ராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு மரநிழலில் உட்காரும் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஆசிரியரைப் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "சார், இங்கேதான் சண்டை நடந்துச்சா?" ராஜாக்கள் எப்படி உண்டார்கள், எப்படி உறங்கினார்கள், குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பவையெல்லாம் அந்த வயதுக்கு இரண்டாம் பட்சம், வாள் எங்கே மோதியது என்பதுதான் முதல் பட்சம்.

சண்டை நடந்தது உண்மைதான். 1689 மார்ச்சில் மராட்டிய மன்னர் சம்பாஜியை ஔரங்கசீப் சித்திரவதை செய்து கொன்ற பிறகு, அவருடைய தம்பி ராஜாராம் ராய்கட் கோட்டையிலிருந்து தப்பித் தக்காணத்தைக் கடந்து வந்து புகலிடம் தேடிக்கொண்ட இடம் இந்தச் செஞ்சிதான்; மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை இதே மலைகளை வளைத்துக் கிடந்தது. பின்னர் 1714 அக்டோபரில், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெருஞ்சேனையை ஒரு சிறு படையோடு எதிர்த்து, இருபத்திரண்டே வயதில் ராஜா தேசிங்கு மாண்டதும் இந்தக் கோட்டைக்காகத்தான்.

சம்பாஜியின் சரித்திரத்தைச் சொல்லும் 'சாவா' என்னும் இந்திப் படம் 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. சிங்கக்குட்டி என்பது அப்பெயரின் பொருள். சிறைப்பட்ட மன்னனை அணு அணுவாக வதைக்கும் காட்சிகளை அந்தப் படம் தன் இறுதிப் பகுதியில் நெடுநேரம் காட்டுகிறது; அதற்குத் தணிக்கை வாரியம் அளித்த சான்று 'யுஏ 16+' என்பது. வடக்கே பல கொட்டகைகளில், பெற்றோர் மடியில் இருந்த சிறு பிள்ளைகள் படம் முடிந்ததும் தேம்பித் தேம்பி அழுத காட்சிகளைப் படம் பிடித்து, அதைப் பக்தியின் அடையாளம் என்று மெச்சிப் பரப்பியவர்கள் பலர். கதையின் பிற்பகுதி நம் வட்டாரத்து மலையில் நிகழ்ந்தது என்பதால் மட்டுமன்று, இத்தகைய படங்கள் இன்று எல்லா மொழிகளிலும் பெருகி, நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசிக்கே வந்து சேருகின்றன என்பதாலும், வன்முறை மிகுந்த சரித்திரப் படம் பதின்பருவத்தினருக்கு ஏற்றதுதானா என்ற கேள்வியை நிதானமாக ஆராய்வது நம் கடமையாகிறது.

இக்கேள்விக்கு இரண்டு விடைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. சரித்திரம் ரத்தத்தில் தோய்ந்தது, அதை மறைத்துப் பிள்ளைகளை வளர்ப்பது பொய்யை ஊட்டி வளர்ப்பதாகும், ஆகவே பார்க்கட்டும் என்பது ஒன்று. இளநெஞ்சம் பச்சை மண் போன்றது, அதில் பதிந்த தடம் உலர்ந்தபின் அழியாது, ஆகவே பதினெட்டு நிரம்பும் வரை இவை எதுவும் அவர்கள் கண்ணில் படலாகாது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன. எவ்வளவு ரத்தம் காட்டலாம் என்று இரண்டு கட்சிகளும் அளவைப் பற்றியே வாதாடுகின்றனவே தவிர, அந்த ரத்தத்தைக் காட்டிய கலைஞன் அதன்பின் பிள்ளையின் மனத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறான் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கலையில் கொலையைக் காட்டலாமா என்னும் விவாதம் சினிமாவோடு பிறந்ததன்று. பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம், யுத்தம், ராஜ்ய நாசம், மரணம், நகர முற்றுகை ஆகியவற்றை அரங்கத்தில் நேராக நடித்துக் காட்டலாகாது என்றும், அவை நிகழ்ந்த செய்தியைப் பாத்திரங்களின் வாயிலாகச் சபைக்கு அறிவிப்பதே முறை என்றும் விதித்தது. கிரேக்க தேசத்துச் சோக நாடகங்களிலும் கொலைகள் பெரும்பாலும் மறைவில் நடந்து முடிய, தூதன் ஒருவன் வந்து சொல்லவே ஜனங்கள் கேட்டறிந்தார்கள். தமிழ் மரபோ இந்த விதிக்கு முழுவதும் கட்டுப்பட்டதில்லை. கலிங்க யுத்தத்தில் கருணாகரத் தொண்டைமான் பெற்ற வெற்றியைப் பாட வந்த ஜெயங்கொண்டார், போர்க்களத்தில் பேய்கள் கூழ் சமைத்து உண்ணும் கோரத்தை விரிவாகப் பாடினார். அந்தப் பரணியைத் தமிழ் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வருகிறார்கள், அதனால் எவரும் கெட்டுப்போனதாகக் கேள்வியில்லை.

பரணியாவது ஏட்டில் இருப்பது. இந்த வட்டாரத்துக் கிராமத்துப் பிள்ளைகள் கண்ணாலேயே காணும் ஒரு போர்க்களம் உண்டு. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கங்களில் திரௌபதி அம்மன் கோயில்கள் மிகுதி; பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் உள்ள கோயிலையே அவற்றுக்கெல்லாம் மூலஸ்தானமாகப் பக்தர்கள் கொண்டாடுகிறார்கள். பாரத உற்சவம் நடக்கும் நாட்களில் பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார். இரவில் விடியும்வரை தெருக்கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளம். ஊர்ப் பொதுவிடத்தில் மண்ணைக் குவித்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனை ஆள் நீளத்தைப்போலப் பல மடங்கு நீளத்தில் வனைந்து, விழிகளுக்கு வெள்ளையும் மீசைக்குக் கருப்பும் தீட்டி, தொடைக்குள் சிவந்த நீரை மறைத்து வைத்திருப்பார்கள். இரவெல்லாம் ஆடிக் களைத்து, அரிதாரம் வேர்வையில் வழிந்த முகத்தோடு வீமன் வேஷக்காரர் கதாயுதத்தை ஓங்கி அந்தத் தொடையைப் பிளக்க, பீறிட்ட சிவப்பை அள்ளித் திரௌபதியின் விரித்த கூந்தலில் பூசி முடிக்கிறார்கள். தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தை முதல் மேல்நிலைப் பள்ளி மாணவன் வரை அனைவரும் முன்வரிசையில் நின்று இதைப் பார்க்கிறார்கள். இதைவிடக் கொடிய காட்சி எந்தத் திரைப்படத்தில் இருக்கிறது?

ஆயினும் படுகளத்தைக் கண்ட பிள்ளை கொலைவெறியோடு வீடு திரும்புவதில்லை. அதற்குக் காரணங்கள் கூத்தின் அமைப்பிலேயே இருக்கின்றன. தொடை பிளந்த கணத்தோடு அங்கே கதை முடிவதில்லை. விழுந்து கிடக்கும் பகைவனைச் சுற்றி வந்து மாரடித்துப் புலம்பும் பெண்களின் ஒப்பாரி பல ஊர்களில் அதற்குப் பின்னரே எழுகிறது. மாலையில் தீமிதி நடந்து, விரதம் காத்த ஊரார் நெருப்பில் இறங்கித் தங்களைத் தூய்மை செய்துகொள்கிறார்கள். முந்தைய இரவுகளிலே அபிமன்யு மாண்டதையும் அரவான் களப்பலியானதையும் கண்டு கண்ணீர் விட்ட பிள்ளைக்கு, வென்ற பக்கத்திலும் வீடு வெறிச்சோடிப் போயிற்று என்பது தெரியும். இடையிடையே கட்டியங்காரன் புகுந்து சிரிப்பு மூட்டி, இது வேஷம் என்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் பாட்டி உட்கார்ந்திருக்கிறாள், "ஏன் ஆயா அவன் அப்படிப் பண்ணான்?" என்று பேரன் கேட்டால், சூதாட்ட மண்டபம் தொடங்கிக் கதையைச் சொல்லி, வினை விதைத்தவன் வினையறுத்தான் என்று முடிப்பதற்கு அவளுக்கு நேரம் இருக்கிறது.

ஆகவே, யுத்தத்தைக் காட்டும் எந்தப் படைப்பையும் நாம் எடைபோட வேண்டிய முதல் தராசு, அது துக்கத்துக்கு இடம் தருகிறதா என்பது. வெட்டுண்டு விழுபவன் பெயரற்ற கூட்டத்தில் ஒருவனாக வந்து, கதாநாயகனின் வாள்வீச்சுக்கு அழகு சேர்த்துவிட்டு மறைகிறானா, அல்லது அவனுக்கும் ஒரு தாய் இருந்தாள் என்னும் நினைவு ஒரு கணமாவது காண்பவன் நெஞ்சில் தைக்கிறதா? சங்ககாலத்தின் மிக உருக்கமான யுத்தப் பாட்டு வென்றவன் பாடியதன்று. மூவேந்தர் முற்றுகையில் தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த பாரி மகளிர் பாடியது. அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்த கபிலர் உயிர் நீத்த இடம் என்று காட்டப்படும் பாறை, விழுப்புரத்துக்கு மேற்கே திருக்கோவலூரில், பெண்ணையாற்றின் நடுவே இன்றும் நிற்கிறது. தோற்றவர் வீட்டுப் பிள்ளைகளின் வாயால் யுத்தத்தைக் கேட்ட ஒரு மொழியின் வாரிசுகளுக்கு, வென்றவன் முழக்கத்தை மட்டுமே கேட்கச் செய்யும் படம் குறைபட்ட உணவு.

இரண்டாவது தராசு, கதாநாயகனின் வாள் மனச்சாட்சிக்குக் கணக்குச் சொல்லுகிறதா என்பது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதி, மணிரத்னம் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாகப் படமாக்கிய 'பொன்னியின் செல்வ'னை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். பாண்டியன் தலைகொண்டவன் என்று ஆதித்த கரிகாலனைச் சாசனங்கள் பெருமையாகப் பேசுகின்றன; ஆனால் கதையோ, காயம்பட்டுக் கிடந்த எதிரியை, ஒரு பெண் கெஞ்சியும் கேளாமல் வெட்டிய அந்தச் செயலே அவனை உறக்கமின்றி வாட்டி, கடைசியில் அவனது அழிவுக்கு வித்தாவதைக் காட்டுகிறது. யுத்தமும் கொலையும் அதில் குறைவில்லை. எனினும் ஒரு தலையைக் கொய்தவன் ஆயுள் முழுவதும் அதைச் சுமக்கிறான் என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளை அங்கே கண்ணெதிரே காண்கிறான். இதே கதையில் வரும் குந்தவைப் பிராட்டியார், திண்டிவனம் பக்கத்துத் தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் ஜைனப் பெருமானுக்கும் ஆக மூன்று ஆலயங்கள் எடுப்பித்தார் என்று அவ்வூர்ச் சாசனங்கள் சொல்லுகின்றன. படத்தில் கண்ட இளவரசியின் கைங்கரியம் பேருந்தில் போய்ப் பார்த்துவரக்கூடிய தூரத்தில் இருக்கிறது என்று அறியும் மாணவனுக்குச் சரித்திரம் என்பது சண்டை மட்டுமன்று என்பதும் விளங்கும்.

மூன்றாவது தராசு எல்லாவற்றிலும் முக்கியமானது. இறந்துபோனவர்களின் பகையை இன்று உயிரோடிருப்பவர்களின் பேரில் ஒரு படைப்பு கணக்கெழுதுகிறதா என்று பார்க்க வேண்டும். 2025 மார்ச்சில் நாகபுரியில் கலகம் மூண்டபோது, 'சாவா' படம் ஔரங்கசீப்பின் மேல் ஜனங்களுக்குக் கோபத்தைக் கிளறிவிட்டது என்று மகாராஷ்டிர முதலமைச்சரே சட்டசபையில் கூறினார். கலகத்துக்குப் படம் ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஔரங்கசீப்பின் கல்லறையை அகற்றக் கோரிய போராட்டமும், அதையொட்டிப் பரவிய வதந்திகளும் அதற்கு உடனடிக் காரணங்களாயின. ஆயினும், 1707-இல் மறைந்த ஒரு பாதுஷாவின் குற்றத்துக்கு, அடுத்த தெருவில் கடை வைத்துப் பிழைப்பவன் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் ஒரு சிறுவன் மனத்தில் எப்படிப் புகுந்தது என்பதைக் கலைஞர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செஞ்சியின் கதைப்பாடல் இதே கேள்விக்கு முந்நூறு ஆண்டுகளாக வேறொரு விடை சொல்லி வருகிறது. தேசிங்கு எதிர்த்தது நவாபை. ஆனால் அவனுக்காகத் தன் கல்யாணத்தையும் விட்டு ஓடிவந்து, அவனுக்கு முன்னே உயிர் கொடுத்த தோழன் மகமத்கான். இந்துவும் முஸ்லிமும் எதிர் எதிர் நின்ற யுத்தம் என்று அதைச் சுருக்கிவிட முடியாதபடி, கதையின் நடு மையத்தில் ஒரு சிநேகிதத்தை வைத்துவிட்டுப் போனார்கள் அதைப் பாடிய ஏழைப் பாணர்கள்.

இந்தத் தராசு மதத்துக்கு மட்டும் உரியதன்று. ஆண்ட பரம்பரை என்னும் சொல் நம் மாவட்டத்துச் சுவரொட்டிகளில் புழங்குவதை அறியாதவர் இல்லை. திரையில் முடி தரித்து வரும் மன்னனைத் தன் சாதிக்காரன் என்று நம்பும் பையன், மற்றவனைத் தன் பழைய குடிமகனாக எண்ணத் தலைப்படுவதற்கு அதிக காலம் ஆகாது. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் நடந்த சாதிக் கலவரத்தில் தலித் மக்கள் பன்னிருவர் கொல்லப்பட்டார்கள். அந்தத் துயரம் இன்னும் நினைவிலிருந்து அகலாத குடும்பங்கள் வாழும் ஊரில், கத்தியைத் தூக்கிக்காட்டுவதை வம்சப் பெருமையாக்கும் படத்துக்கு இளைஞர் கூட்டம் விசிலடிப்பதைப் பொழுதுபோக்கு என்று விட்டுவிட மனம் இடம் தரவில்லை.

எதிர்வாதங்களுக்கும் உரிய இடம் தர வேண்டும். இதைவிடக் கொடியவற்றையெல்லாம் பிள்ளைகள் கைப்பேசியில் தினமும் பார்க்கிறார்களே, ஒரு சினிமாவைத் தடுத்து என்ன ஆகப்போகிறது என்பார்கள். வீட்டுக்கு நாலு வாசல் திறந்து கிடக்கிறது என்பது ஐந்தாவது வாசலையும் திறந்து வைப்பதற்கு நியாயமாகாது. தவிரவும், கைப்பேசித் துணுக்கு அரை நிமிஷத்தில் மறைகிறது, சினிமாவோ இசையாலும் ஒளியாலும் இரண்டரை மணி நேரம் நெஞ்சைத் தன்வசம் வைத்திருந்து, வெறுப்புக்கு ஒரு கம்பீரத்தை அளித்து அனுப்பவல்லது. தடுத்தால் ஆசை கூடும் என்ற வாதம் இதைவிட வலிமையானது. அது முற்றிலும் உண்மை. அதனாலேயே தடையைவிடத் துணை நல்லது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டமும் இதைத்தான் சொல்லுகிறது, ஆனால் சொல்லிவிட்டுக் கைகழுவிக்கொள்கிறது. 1952-ஆம் ஆண்டின் சினிமாச் சட்டத்தை 2023-இல் திருத்தி, 'யுஏ' என்னும் பிரிவை 7, 13, 16 என மூன்று வயதுப் படிகளாக வகுத்தார்கள். 'ஏ' சான்று பெற்ற படத்துக்குப் பதினெட்டுக்குக் குறைந்தவரைக் கொட்டகைக்காரர் உள்ளே விடலாகாது. ஆனால் 'யுஏ 16+' என்பது பெற்றோரும் காப்பாளரும் எண்ணிப் பார்ப்பதற்கான குறிப்பு மட்டுமே, வாரியமோ பிறரோ அதை வலிந்து செயற்படுத்தலாகாது என்று திருத்தமே கூறுகிறது. இணையவழித் தளங்களுக்கு 2021-இல் வந்த விதிகள் இவ்வகைப் படங்களுக்குப் பெற்றோர் பூட்டு வேண்டும் என்கின்றன. பூட்டின் எண்ணைத் தகப்பனாருக்குப் போட்டுக் கொடுப்பதே பெரும்பாலும் மகன்தான்.

பெற்றோர் தீர்மானிக்கட்டும் என்பது கேட்பதற்கு நல்ல வாக்கியம். ஆனால் விடியுமுன்னே கரும்பு வெட்டக் கிளம்பும் தாயும், சென்னையில் கட்டட வேலை செய்து வாரம் ஒருமுறை ரயிலேறி விழுப்புரம் சந்திப்பில் வந்திறங்கும் தந்தையும், ஒரு படத்தை முன்கூட்டிப் பார்த்து அதன் குணதோஷங்களை ஆராய்ந்து முடிவு சொல்வது நடக்கிற காரியமா? படிப்பும் ஓய்வும் உள்ள குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதிய சட்டத்தின் பாரம், படிப்பும் ஓய்வும் கிட்டாத குடும்பத்தின் தலையில் இறங்கியிருக்கிறது. எனவே அந்தப் பாரத்தில் பங்கு கொள்ளும் தர்மம் பள்ளிக்கூடத்துக்கும், ஊர் நூலகத்துக்கும், படிப்பில் சற்று முன்னே சென்ற அண்ணன் அக்காளுக்கும் உண்டு. சரித்திரப் படம் ஒன்று வெளிவந்த வாரத்தில், ஒரு சரித்திர ஆசிரியர் தம் வகுப்பில் ஒரு மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்கி, எது சாசனத்தில் உள்ளது, எது கதாசிரியரின் கற்பனை, எதிரிப் பக்கத்து ஏடுகள் என்ன சொல்லுகின்றன என்று மாணவரோடு பேசினால், அது பத்துத் தணிக்கைச் சான்றுகளுக்குச் சமானமாகும்.

இனித் தீர்ப்பு. பதின்மூன்று நிரம்பாத பிள்ளைகளை வதைக் காட்சிகள் நிறைந்த படத்துக்கு மடியில் வைத்துக்கொண்டு போவது, எந்த வீரனின் பெயரால் செய்தாலும், அந்தக் குழந்தைக்குச் செய்யும் தீங்கு. அதன் அழுகை பக்தியன்று, பயம். பதின்மூன்று முதல் பதினைந்து வரை உள்ளவர்கள், சித்திரவதையை நெடிது காட்டும் படங்களைத் தவிர்த்து, மேலே சொன்ன மூன்று தராசிலும் நிற்கும் யுத்தக் கதைகளைப் பெரியவர் துணையோடு பார்க்கலாம். பதினாறு கடந்தவர்கள் கொடிய படத்தையும் பார்க்கட்டும். இரண்டு ஆண்டில் வோட்டுப் போடப் போகிறவர்களிடமிருந்து மனிதன் மனிதனுக்குச் செய்ததை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. ஆனால் பார்த்தபின் பேசுவதற்கு ஒருவர் அவர்களுக்கு இருக்க வேண்டும். உயிரோடிருக்கும் ஒரு சமூகத்தைப் பகையாக்கிக் காட்டும் படமோ எந்த வயதுக்கும் ஏற்றதன்று. அதை விலக்க வேண்டிய பொறுப்பு முதலில் பெரியவர்களுடையது.

2025 ஜூலையில், மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இனி அங்கே வரும் பிள்ளைகள் அதிகமாவார்கள். எங்கே சண்டை நடந்தது என்றும் கேட்பார்கள். அவர்களை அழைத்து வரும் பெற்றோரும் ஆசிரியரும், அந்தக் கேள்விக்கு விடை சொன்ன கையோடு, செத்தவர்களை எங்கே வைத்தார்கள் என்று இன்னொரு கேள்வியைத் தாங்களே எழுப்ப வேண்டும். தேசிங்கை எரித்த இடம் ராஜகிரி அடிவாரத்தில் செட்டிகுளத்தங்கரையில் இருக்கிறது. வென்ற சாதத்துல்லா கானின் பெயரைத் தாங்கிய மசூதியும் அதே கோட்டைக்குள் நிற்கிறது. மகமத்கானும், தேசிங்கின் குதிரையும் பக்கத்துப் பக்கத்தில் அடங்கிய சமாதிகள் நீலாம்பூண்டியில் உள்ளன என்று ஊரார் வழிவழியாகக் காட்டி வருகிறார்கள்.